தேயாத தகடு

பிலவேந்திரனிடம் நல்ல செய்தி சொல்வதற்கே பயப்பட வேண்டும். பூக்காரி முழத்துக்கு மேல் ஒரு சாண் கூட்டி அளந்தால், பூ நேற்றையதோ என்று முகர்ந்து பார்க்கிற ஆள். வீட்டில் இதனால் அவர் மனைவி படும் பாடு தனிக்கதை. அலுவலகத்தில் இந்தக் குணத்துக்காகவே சம்பளம் கொடுத்தார்கள். ஆலை இயந்திரங்களுக்கு உத்தரவாதம் தரும் காப்பீட்டு நிறுவனம் அது. 'எங்கள் இயந்திரம் இருபது வருடம் உழைக்கும்' என்று யாராவது சொன்னால், அந்த இருபதில் பொய் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வருவதுதான் அவர் வேலை.

அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தது நல்ல செய்தியிலும் நல்ல செய்தி. நீலாழி ஹைட்ரஜன் ஆலையில் தகடுகள் தேயவே இல்லையாம்.

அந்தக் காலத்தில் பஸ், லாரி, ஓட்டல் அடுப்பு எல்லாம் ஹைட்ரஜனுக்கு மாறிக்கொண்டிருந்தன. கடல்நீரில் உப்பை எடுத்துவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜன் ஒரு பக்கம், ஆக்சிஜன் ஒரு பக்கம் பிரிந்து வரும். சுலபமாகப் பிரிய வேண்டுமானால் தகடுகளின் மேல் வினையூக்கி பூச வேண்டும். விலை உயர்ந்த உலோகம் பூசினால் ஓரளவு தாங்கும், ஆனால் பஸ் டிக்கெட் யாருக்கும் கட்டுப்படியாகாது. கோபால்ட், மாங்கனீஸ் மாதிரி மலிவான உலோகங்களின் ஆக்சைடைப் பூசினால், ஆக்சிஜன் வருகிற பக்கம் பூச்சு கரைந்துபோய் சில மாதத்தில் தகடு காயலான் கடைக்குப் போய்விடும்.

நீலாழி பூசியது மலிவான ஆக்சைடுதான். அதே தகடுகள் குஜராத் கடற்கரை ஆலையில் மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போயின. சென்னை ஆய்வுக்கூடத்தில் அதுகூடத் தாங்கவில்லை. தூத்துக்குடியில் மட்டும் நாலாவது வருடமாக, நேற்றுப் பூசியதுபோல் இருக்கின்றன. பிலவேந்திரன் கையெழுத்துப் போட்டால் உலகம் முழுக்க விற்கலாம். போடாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

ரயில் மதுரை தாண்டுவதற்குள் அவர் முடிவுக்கு வந்துவிட்டார். யாரோ பழைய தகடுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"தகட்டை மாத்திடறோம்னு நினைக்கிறீங்க, அப்படித்தானே?" என்றாள் டாக்டர் வஹீதா. பூச்சைக் கண்டுபிடித்தவள் அவள்தான். சொந்த ஊர் பக்கத்திலேயே காயல்பட்டினம்.

"நான் எதுவும் நினைக்கல மேடம். கேக்கத்தான் வந்திருக்கேன்."

"நானே அப்படி நினைச்சிருக்கேன் சார்."

பிலவேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். சந்தேகத்தைத் தானே முந்திக்கொண்டு சொல்லும் ஆட்களை அவர் இரண்டு மடங்கு சந்தேகப்படுவார்.

"பூச்சு கரையத்தான் செய்யும். அதை நிறுத்த முடியாது. ஆனா கரைஞ்ச உலோகம் தண்ணியோட போகாம, திரும்பி வந்து அதே இடத்துல படிஞ்சா? நம்ம உடம்புல சிராய்ப்பு ஆறுற மாதிரி தகடும் தானா ஆறிக்கும். அணு அளவுல. அதுக்காகத்தான் இந்தப் பூச்சையே செஞ்சேன். சென்னையில என் லேப்ல அது ஆறல. இங்க ஆறுது. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியல."

"தெரியலன்னு எழுதினா எங்க ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

"தெரியும்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

தகடுகள் இருந்த கூடத்தின் சாவி சண்முகக்கனியிடம் இருந்தது. நாற்பது வயது இருக்கும். நீலச் சட்டைக்கு மேல் புடவை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். கூடத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். தொட்டியைக் காட்டு என்றால் காட்டினாள், குழாயைக் காட்டு என்றால் காட்டினாள். கேட்டதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

"இந்தத் தொட்டித் தண்ணி எங்கம்மா போகுது?"

"எங்கயும் போகாது சார். தகட்டுக்குப் போயிட்டு தொட்டிக்கே வந்திரும். வாயுவாப் போன அளவுக்குப் புதுசா விடுவோம். மத்தபடி சுத்திச் சுத்தி இங்கனயேதான் கெடக்கும்."

"ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்களோ?"

"எங்க வீட்டுக்காரவுக இங்கன வேலை பாத்தாக. ஆலை தொடங்குன புதுசுல வாயு தீப்பிடிச்சு, இந்தக் கூடத்துலதான் செத்தாக. பொறவு எனக்கு வேலை தந்தாவ." அவள் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பவும் ஒரு சார் விசாரிக்க வந்தாரு. உங்களை மாதிரியே மரியாதையாத்தான் பேசுனாரு. வால்வைத் தெறந்து போட்டது எங்க வீட்டுக்காரவுக லிங்கதுரைதான்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

பிலவேந்திரன் வருத்தம் தெரிவித்தார். வருத்தம் உண்மையானதுதான். ஆனால் கணவனைக் கொன்ற ஆலையை ஏமாற்ற அவளுக்குக் காரணம் இருக்கிறது என்பதையும் மனசுக்குள் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பொறி வைத்தால் யாரிடமும் சொல்ல மாட்டார். ஆலையின் எந்த ஆளிடமும், தன் மேலதிகாரியிடமும்கூட. சுத்தம் செய்வதற்காகத் தகடுகளை வெளியே எடுத்து அடுக்கியபோது, குனிந்து பார்ப்பதுபோல் சிலவற்றின் மூலையில் எஃகு ஊசியால் குட்டிச் சிலுவை கீறினார். பூச்சைத் தாண்டி உள்ளே இருக்கும் உலோகம் தெரியும் ஆழத்துக்கு. அணு அளவில் ஆறுமாம், ஆறட்டும். ஊசிக் கீறல் எப்படி ஆறுகிறது பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து வந்து தகடுகளைத் திறக்கச் சொன்னார். ஒரு தகட்டிலும் சிலுவை இல்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு முறை தேடினார். மூலைகள் வழுவழுவென்று கறுப்பாக இருந்தன. அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைப்பதற்காகத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பிறகு கூடத்துக் கேமராப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் காலை ஷிஃப்ட் தொடங்கியதும் சண்முகக்கனி தனியாக உள்ளே வருகிறாள். கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். தொட்டிப் பக்கம் கை போகிறது, என்ன செய்கிறாள் என்பதை அவள் முதுகே மறைத்துவிடுகிறது. எல்லா வெள்ளியும் இதே கதை.

மேலாளர் அறையில் அவளை நிற்க வைத்தார்கள். வஹீதாவும் இருந்தாள்.

"என்னம்மா செய்யறீங்க அங்க?"

சண்முகக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "திருநீறு போட்டேன் சார். தொட்டியில."

"திருநீறா?"

"ஆமா. இன்னொருத்தர் சாகக் கூடாதுன்னு கும்பிட்டுட்டு ஒரு சிட்டிகை போடுவேன். தப்புதான். தண்ணியில எதையும் கலக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

மேலாளர் சிரித்துவிட்டார். பிலவேந்திரன் சிரிக்கவில்லை. பொய் சொல்பவரின் கண்ணை அவருக்குத் தெரியும். அவள் கண் 'திருநீறு' என்ற சொல்லில் ஒரு நொடி தடுக்கியதை அவர் பார்த்தார். காதில் பூச் சுற்றுகிறாள் என்பது உறுதியாகிவிட்டது.

"தகடுகள் எங்கம்மா? பழைய தகடுகள்?"

"எந்தத் தகடு சார்?"

போலீசோடு போய் வீட்டைச் சோதித்தார்கள். இரண்டு அறை வீடு. கட்டிலுக்கு அடியில், அரிசிப் பானைக்குள், கூரைக்கு மேல் எல்லாம் தேடியும் தகடு கிடைக்கவில்லை. பின்புறத்து வேப்பமரக் கிளையில் மஞ்சள் துணி கட்டிய சின்ன மண்கலயம் தொங்கியது. கான்ஸ்டபிள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி சமாச்சாரம், விடுங்க சார்" என்றார். பிலவேந்திரனும் விட்டுவிட்டார். அடுத்தவர் சாமியில் கை வைக்கக் கூடாது என்பது அவர் வளர்ந்த விதம்.

தகடு கிடைக்காதது அவருக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. விற்றிருப்பாள். புகார் பதிவானது, சண்முகக்கனிக்கு வேலை போனது. ஆலையிலேயே யாரோ அவளை ஏவியிருக்கிறார்கள் என்றும், உத்தரவாதம் தர வேண்டாம் என்றும் அறிக்கை எழுதிவிட்டு அவர் ஊர் திரும்பினார்.

வஹீதாவின் போன் மழைக்காலத்தில் வந்தது.

"சார், தகடு தேயுது."

"மாத்துற ஆள் போயிட்டா தேயத்தானே செய்யும் மேடம்."

"அந்தக் கதையை விடுங்க. கனியக்கா போனதும் புதுப் பொறுப்பாளர் வந்தாரு. திருநீறு விழுந்த தண்ணின்னு சொல்லி தொட்டியைக் காலி பண்ணி, கழுவி, புதுத் தண்ணி ஊத்தினாரு. அன்னையிலேர்ந்துதான் தேயுது. உங்க அறிக்கையை இன்னைக்குத்தான் எனக்குக் காட்டினாங்க. சிலுவை கீறினதா எழுதியிருக்கீங்களே, அதை ஏன் சார் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"பொறியை யாராவது காட்டுவாங்களா?"

"காட்டியிருந்தா அந்தப் பொம்பளைக்கு வேலை போயிருக்காது. கிளம்பி வாங்க."

அவளிடம் பழைய தொட்டித் தண்ணீர் ஒரு கேன் மிச்சம் இருந்தது, சோதனைக்காக எப்போதோ பிடித்து வைத்தது. அதில் ஒரு தகட்டுத் துண்டை நிறுத்தி, "உங்க ஊசியாலயே கீறுங்க" என்றாள். பிலவேந்திரன் சிலுவை கீறினார். மின்சாரம் கொடுத்தாள். உருப்பெருக்கியின் படம் திரையில் தெரிந்தது. டீ வந்தது, டம்ளர் ஆறியது, சாப்பாட்டு வேளையும் போனது. சிலுவையின் பள்ளத்துக்குள் கறுப்பு பொட்டுப் பொட்டாக வந்து உட்கார்ந்தது. மாலையில் சிலுவையின் ஒரு கை காணாமல் போயிருந்தது. மறுநாள் காலை திரையில் சிலுவையே இல்லை.

பிலவேந்திரன் நாற்காலியிலிருந்து எழவில்லை. யாரும் எதையும் மாற்றவில்லை. அவர் சாட்சியத்தைத் தகடு தானாகவே ஆற்றிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்காக ஒரு பெண்ணைத் திருடி என்று எழுதியிருக்கிறார்.

"இவ்வளவு ஆழமா ஆறும்னு நானே எதிர்பார்க்கல" என்றாள் வஹீதா. "இந்தத் தண்ணியில பாஸ்பேட் இருக்கு. கரைஞ்ச உலோகத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து தகட்டுல உட்கார வைக்கறது அதுதான். அது செலவாகாது. தண்ணி வெளிய போகாததால சிட்டிகை சிட்டிகையா சேர்ந்திருக்கு. குஜராத்துலயும் என் லேப்லயும் தண்ணி படு சுத்தம், அதான் செத்துப்போச்சு."

"அப்ப அது திருநீறுதானா? உண்மையைத்தான் சொன்னாளா?"

வஹீதா திரையை அணைத்தாள்.

"இல்ல சார். திருநீறு சாணிச் சாம்பல், அதுல மணல் சத்து அதிகமா இருக்கணும். இதுல அது இல்லவே இல்ல. கால்சியமும் பாஸ்பரஸும்தான். இந்த விகிதம் எலும்புலதான் வரும்."

பழைய குணம் போகுமா? பிலவேந்திரனின் புத்தி உடனே ஓடியது. யாருடைய எலும்பு? எங்கே கிடைத்தது? வெள்ளிக்கிழமை தவறாமல், முதுகைக் காட்டிக்கொண்டு, எதை மறைத்தாள்? கொலை வரைக்கும் போய்விட்டார். அப்போதுதான் வேப்பமரக் கிளையும் மஞ்சள் துணியும் நினைவுக்கு வந்தன. கான்ஸ்டபிள் கன்னத்தில் போட்டுக்கொண்டது அந்தக் கலயத்தைப் பார்த்துத்தான்.

சண்முகக்கனி இப்போது உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் வேலை பார்த்தாள். உணவு இடைவேளையில் வெளியே வந்தவள், அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"இன்னும் என்ன சார் தேடணும்?"

"எதையும் தேட வரலம்மா. நீங்க தகடு எதையும் எடுக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. நான் தப்பா எழுதிட்டேன்." பிறகு பூசி மெழுகாமல் கேட்டார். "தொட்டியில போட்டது லிங்கதுரையோட அஸ்தியா?"

அவள் முகத்தில் அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை.

"திருச்செந்தூர்ல கரைச்சிரலாம்னு கலயத்தைத் தூக்கிட்டுப் போனேன். பாதியக் கரைச்சேன். அலை வாங்கிட்டுப் போயிருச்சு, ஒரு நிமிசம்கூட நிக்கல. மீதிக்கு மனசு வரல சார். அஸ்திய வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுல்லா, மரத்துல கட்டித் தொங்கவிட்டேன். பொறவு வேலைக்கு வந்தேன். அந்தத் தொட்டியிலயும் கடல்தண்ணிதான? கடல்ல கரைச்சா போயிருவாக. இதுல கரைச்சா சுத்திச் சுத்தி இங்கனயே இருப்பாக. அவுக செத்த இடத்துலயே நான் வேலை பாக்கேன், பக்கத்துலயே இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"திருநீறுன்னு சொன்னதுக்கே சிரிச்சாவளே சார்."

பிலவேந்திரன் கிளம்பத் திரும்பினார். அவள் நிறுத்திக் கேட்டாள்.

"தொட்டியக் கழுவிட்டாவன்னு சொன்னாவ. அந்தத் தண்ணிய எங்க சார் விட்டாவ?"

"கடல்லதாம்மா."

அவள் உப்புக் குவியலைப் பார்த்தாள். "அப்ப போயிட்டாக" என்றாள். "கலயத்துலயும் ஒண்ணும் இல்ல. போன தை மாசத்தோட தீந்துபோச்சு." இப்போதுதான் அழுதாள்.

ஆலை மேலாளருக்கு விஷயம் தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சந்தோஷமா அருவருப்பா என்று அவருக்கே தெரியவில்லை. பாஸ்பேட்தானே, உரக்கடையில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். மூன்று மூட்டை வாங்கிக் கரைத்தார்கள். தகடுகள் தேய்வது நின்றது. உலகத்துக்கே விற்கலாம்.

"ஆனா எலும்பு கிலும்புன்னு அறிக்கையில ஒரு எழுத்து வரக் கூடாது சார். 'மனிதச் சாம்பலில் ஓடும் பஸ்'னு பேப்பர்காரன் போட்டான்னா முடிஞ்சுது எங்க கதை."

"புகாரை வாபஸ் வாங்குங்க. அந்தம்மாவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்க. அதுக்குப் பிறகு என் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

"வாங்கிட்டதா வச்சுக்குங்க."

"இன்னொண்ணு. ஒரு பழைய தகடு அவங்களுக்கு வேணும்."

மேலாளர் தலையை ஆட்டினார். வேறு எது கேட்டாலும் தருவார்களாம். தகடு ஆலையின் ரகசியம். ஒரு துண்டுகூட வாசலைத் தாண்டாது. வேண்டுமானால் அந்தம்மாவுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கலாம்.

பிலவேந்திரன் வஹீதாவிடம் போய் உட்கார்ந்தார். "தொட்டியைக் கழுவிட்டாங்க. தகட்டுக்குள்ள பழசு ஏதாவது மிச்சம் இருக்குமா மேடம்?"

"இருக்கும். மேல்பூச்சுதான் போயிருக்கு. நாலு வருஷமா கரைஞ்சு கரைஞ்சு படிஞ்ச அடிப்பூச்சு அப்படியே இருக்கு. அதுல அவர் இருக்காரு." வஹீதா அவரையே பார்த்தாள். "எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"எனக்கும் கொஞ்சம் சந்தேக புத்தி உண்டு சார்" என்றவள், ஸ்டோர் அலமாரியின் சாவியை மேசை மேல் வைத்தாள்.

இறுதி ஆய்வுக்காகத் தகடுகளை வெளியே எடுத்து அடுக்கியிருந்தார்கள். வஹீதா எல்லோரையும் டீ குடிக்க அழைத்துக்கொண்டு போனாள். கூடத்தில் பிலவேந்திரன் மட்டும் இருந்தார். கேமராவுக்கு முதுகைக் காட்டி, சண்முகக்கனி நிற்கும் அதே இடத்தில் நின்றார். பழைய தகடு ஒன்று அவர் பைக்குள் போனது. ஸ்டோர் அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருந்த புதுத் தகடு அந்த இடத்துக்குப் போனது. பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுதான் இருக்கும். இத்தனை வருட வேலையில் மற்றவர்கள் செய்ததாக அவர் எழுதியதெல்லாம் இவ்வளவு கஷ்டமானதா என்று அப்போதுதான் தெரிந்தது.

வைப்பதற்கு முன் புதுத் தகட்டின் மூலையில் ஊசியால் சிலுவை ஒன்று கீறினார். லிங்கதுரையின் சாமி வேறு என்று அவருக்குத் தெரியும். செத்தவருக்கு அவர் அறிந்த அடையாளம் அது ஒன்றுதான்.

சண்முகக்கனி தகட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். பார்ப்பவர் முகம்கூடப் பிரதிபலிக்காத கறுப்பு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயா சார்?"

"இதுலதான்."

"இது தேயாதுல்ல?"

"தண்ணிக்குள்ள போடாம வச்சிருங்கம்மா. தேயாது."

அவள் மஞ்சள் துணியை எடுத்து வந்து சுற்றினாள். வேப்பமரத்துக்குப் போகவில்லை. சோற்றுப் பானைக்குப் பக்கத்து அலமாரியில், சுவரில் சாய்த்து நிறுத்தினாள். "இது அஸ்தி இல்லல்லா, தகடுதான. வீட்டுக்குள்ள வைக்கலாம்" என்றாள்.

அன்று மாலை பிலவேந்திரன் அறிக்கையை முடித்தார். ஆய்வுக்கு முன்போ ஆய்வின்போதோ இந்த ஆலையில் தகடு எதுவும் மாற்றப்படவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் தெரிந்தே சான்றளித்த முதல் பொய் அது. அதைப் பிடிக்க நாளைக்கு எவ்வளவு பெரிய சந்தேகப் பிராணி வந்தாலும் பிரயோசனமில்லை. வருவதற்குள் அந்தச் சிலுவையும் ஆறியிருக்கும்.